கேட்டோட

லிங்கராஜபுரத்தில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் முதலில் சர்ச்சுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் விசாரிப்பார்கள். டீக்கடைக்காரர் கில்பர்ட்டின் நம்பரைக் கொடுப்பார். கில்பர்ட் வீட்டு புரோக்கர். ஆபீஸ் கிடையாது, போர்டு கிடையாது. ஒரு பழைய ஸ்கூட்டரும் இடுப்பில் ஒரு சாவிக்கொத்தும்தான் தொழில்.

வருகிறவர்களிடம் அவர் சம்பளத்தைக் கேட்டதே இல்லை. “கம்பெனி கேப் வீட்டு வாசலுக்கே வருமா, மெயின் ரோட்டோட இறக்கி விட்ருவானா?” என்று கேட்பார். பதிலை வைத்தே சம்பளம் தெரிந்துவிடும். சம்பளம் தெரிந்தால் வீடு தெரிந்துவிடும். “சம்பளத்த மூணா மடி. ஒரு மடிப்புதான் வீடு. ரெண்டாவது மடிப்புல கைய வெச்சா நீ வீட்ல இருக்க மாட்ட, வீடு உன் மேல இருக்கும்” என்பார். முப்பது வருடங்களாக இதைச் சொல்லி எத்தனையோ குடும்பங்களை எத்தனையோ வீடுகளில் ஏற்றினார். அவர் மட்டும் வாடகையிலும் லீஸிலும் மாறி மாறி இருந்தார்.

வீட்டைக் காட்டிவிட்டுப் படி இறங்கும்போது வீட்டுக்காரரின் கண்டிஷன்களை ஒப்பிப்பார். தண்ணீர் இத்தனை மணிக்கு. மோட்டாரை மறக்கக் கூடாது. விருந்தாளி வந்தால் மூன்று நாளுக்கு மேல் தங்கக் கூடாது. கடைசிக் கண்டிஷனைக் கேட்டைப் பூட்டும்போது குரலை இறக்கிச் சொல்வார்.

“அப்புறம், ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, கேட்டோட.”

அர்த்தம் இதுதான். குடியிருப்பவர் வீட்டில் யாராவது இறந்தால் உடல் வீட்டுக்குள் வரக் கூடாது. ஆம்புலன்ஸ் கேட்டில் நிற்கும். அழுகிறவர்கள் கேட்டுக்கு வந்து அழலாம். அப்படியே கல்லறைக்கோ சுடுகாட்டுக்கோ போக வேண்டும். சாவு விழுந்த வீட்டுக்கு அடுத்த ஆள் வர மாட்டான் என்பது வீட்டுக்காரர்களின் பயம். இதை யாரும் திருப்பிக் கேட்டதில்லை. வீடு தேடுகிறவன் அட்வான்ஸைப் பற்றி யோசிப்பான், குழாயைத் திறந்து பார்ப்பான். சாவைப் பற்றி யோசிக்க மாட்டான்.

பச்சைமுத்து அடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்தவர். கில்பர்ட் பார்த்துக் கொடுத்த வீட்டில் நான்கு வருடம் இருந்தார். அவருடைய மனைவி சந்திரம்மா ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். வீட்டுக்காரர் கில்பர்ட்டுக்குப் போன் செய்தார். கில்பர்ட் ஸ்கூட்டரில் போய் கேட்டுக்கு முன்னால் நின்றுகொண்டார். வண்டி வந்தது.

“உள்ள விடுங்க சார். அவ பொழங்குன வீடு.”

“சொல்லிட்டுத்தான குடுத்தேன், பச்ச? கேட்டோடன்னு சொன்னேனா இல்லியா?”

பச்சைமுத்து அவரைப் பார்த்தார். “பைக் நிறுத்தறதச் சொல்றீங்கன்னு நெனச்சேன்” என்றார். “அதான் நாலு வருஷமா மழையில வெளியவே நிறுத்தினேன்.”

கில்பர்ட் இதை வீட்டில் ஒரு நகைச்சுவையாகத்தான் சொன்னார். பைக் என்று வரும்போது சிரித்தார். மனைவி யூனிஸ் சிரிக்கவில்லை. மகள் பிரிஸில்லா சிரித்தாள். அப்போது அவள் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் வருடம்.

யூனிஸ் இறந்தபோது அவர்கள் வேறொரு வாடகை வீட்டில் இருந்தார்கள். அந்த வீட்டுக்காரர் நல்ல மனிதர். “அரை மணி நேரம் வெச்சுக்குங்க கில்பர்ட், யாருக்கும் சொல்லாதீங்க” என்றார். கில்பர்ட்தான் வேண்டாம் என்றார். ஏரியா முழுக்க அவர் சொன்ன கண்டிஷன். அவரே மீறினால் நாளைக்கு யார் மதிப்பார்கள்? யூனிஸ் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சர்ச்சுக்குப் போனாள். சர்ச்சிலிருந்து கல்லறைக்குப் போனாள். அடுப்பின் மேல் அவள் வைத்துவிட்டுப் போன குழம்பு அப்படியே இருந்தது. அதைக் கொட்டிவிட்டுப் பாத்திரம் கழுவும்போது கில்பர்ட் மகளிடம், “அவ வீட்டுக்கே வரல பாப்பா” என்றார்.

அதன்பிறகு அவருக்கு இருந்தது ஒரே ஆசை. சொந்த வீடு. பெரியதாக வேண்டாம். தரைத்தளமாக இருக்க வேண்டும். ஹாலில் ஒரு பெட்டியை வைத்து, சுற்றி நாலு சேர் போட இடம் இருக்க வேண்டும்.

“எல்லாரும் வாழ்றதுக்கு வீடு பாப்பாங்க டாடி” என்றாள் பிரிஸில்லா.

“வாழ்றதுக்கு வாடகை வீடு போதும்” என்றார் அவர்.

*

பிரிஸில்லா எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டர். மற்றவர்கள் எழுதிய நிரலில் எங்கே உடையும் என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. போக வர நாலு மணி நேரம் கேபில் போகும். அந்த நேரத்தில் மடிக்கணினியைத் திறந்து வீட்டுக் கணக்கைப் போடுவாள்.

கைக்கு வரும் சம்பளம் எழுபத்தெட்டாயிரம். அதில் பாதிக்கு மேல் தவணை கட்டக் கடன் கொடுப்பவர்கள் விட மாட்டார்கள். முப்பத்தொன்பதாயிரம். அப்பாவின் இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததற்கு வாங்கிய கடனின் தவணை ஒன்பதாயிரம். அதைக் கழித்தால் முப்பதாயிரம். இருபது வருடத்துக்கு அந்தத் தவணைக்கு முப்பத்துநாலு லட்சம் கடன் வரும். இப்போதிருக்கும் வீடு லீஸ். மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரி மமதாவிடம் மொத்தமாகப் பத்து லட்சம் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருந்தார்கள். காலி செய்தால் அந்தப் பத்து திரும்பி வரும். ஆக நாற்பத்துநாலு. அதற்கு ஒரு ரூபாய் கூடினாலும் முடியாது.

கில்பர்ட் நாற்பத்துநாலுக்கு ஒன்றைக் கண்டுபிடித்தார். ஹெண்ணூர் பக்கம் ஒரு பழைய அடுக்ககத்தின் பின்பக்கத் தரைத்தளம். ஒரே படுக்கையறை. பகலிலும் விளக்குப் போட வேண்டும். சமையலறை ஜன்னலைத் திறந்தால் செப்டிக் டேங்க் மூடி. பிரிஸில்லா அந்த மூடியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, அவர் ஹாலில் குனிந்து டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார்.

“பாப்பா, பன்னெண்டு அடி! ஆறரை போதும் எனக்கு. சர்ச்சுல பாடற கொயர்காரங்களே உள்ள நிக்கலாம்.”

“கதவு?”

“மூணரை. நாலு பேரு தாராளமா தூக்கிட்டு வரலாம்.” டேப்பைச் சுருட்டினார். “நான் கொஞ்சம் எளச்சுக்கறேன், உனக்காக.”

அவள் சிரித்தாள். அன்று அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

*

கடன் கொடுக்கும் நிறுவனத்திலிருந்து வீட்டைப் பார்த்து விசாரிக்க நாகேஷ் என்ற அதிகாரி வந்தான். பிரிஸில்லாவுக்கு அன்று வீட்டிலிருந்தே வேலை. காதில் ஹெட்செட்டுடன், திரையில் இருபது பேருக்குத் தான் கண்டுபிடித்த பிழைகளை விளக்கிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்க முடியாது. அப்பா கை காட்டினார்: நான் பார்த்துக்கொள்கிறேன்.

பார்த்துக்கொண்டார். முப்பது வருடத் தொழில். ஒரு குடித்தனக்காரரைப் பற்றி வீட்டுக்காரர் விசாரிக்கும்போது எதைச் சொன்னால் வீடு கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். நல்ல பெண், பெரியவர்களைக் கைவிடாதவள், குடும்பத்துக்காகச் செலவு செய்கிறவள். இப்படிச் சொன்னால் எந்த வீட்டுக்காரரும் இளகிவிடுவார். எதிரே உட்கார்ந்திருந்தவன் வீட்டுக்காரர் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

“வீட்ல எத்தன பேரு சார்?”

“நானும் பொண்ணும்தான் தம்பி. டீ குடிங்க.”

“உங்களுக்கு வருமானம்?”

“எனக்கெதுக்கு வருமானம்? ராஜா மாதிரி வெச்சிருக்கா. ஒரு பைசா என்னை எடுக்க விடறதில்ல.”

நாகேஷ் டேப்லெட்டில் தட்டினான். “உடம்பு எப்படி சார்?”

“ஸ்டென்ட் வெச்சிருக்கு. ஆனா பாருங்க, ஒரு வேள மாத்திர தப்பாது. டெஸ்டு, டாக்டரு, மாத்திர, மாசம் பதினஞ்சாயிரம் என் ஒருத்தனுக்கே செலவு பண்றா. மூஞ்சி சுளிச்சதில்ல. இந்தக் காலத்துல யாரு சார் செய்வா?”

“பதினஞ்சு. சரி, ஆய்து சார்.” மறுபடி தட்டினான்.

உண்மையில் மாதம் நாலாயிரம் கூட ஆகாது. ஹெட்செட்டுக்கு வெளியே அந்தப் பதினைந்தாயிரம் அவள் காதில் விழுந்தது. அப்பா கூட்டிச் சொல்வது புதிதல்ல. கொஞ்சம் கூச்சமாக இருந்தது, கொஞ்சம் நன்றாகவும் இருந்தது. நாகேஷ் வாசலைத் தாண்டியதும் கில்பர்ட் அவளைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

கடன் கடிதம் அவள் கேபில் இருக்கும்போது மெயிலில் வந்தது. பதினேழு லட்சம். மேம்பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. அவள் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு நாகேஷுக்குப் போன் செய்தாள்.

“மேடம், அப்பாவோட மெடிக்கல் செலவு பதினஞ்சு. அதையும் தவணையோட சேத்துத்தான் கழிப்போம்.”

“நாலுதாங்க. அவரு பெருமைக்குச் சொன்னாரு.”

“எல்லா அப்ளிகன்ட்டும் கம்மியாதான் சொல்வாங்க மேடம். பெத்தவங்க பொய் சொல்ல மாட்டாங்க.”

சூத்திரத்தில் பிழை இல்லை. உள்ளே போன எண்ணில்தான் பிழை. அதை உள்ளே போட்டவர் அவள் மீது உயிரை வைத்திருந்தவர். பதினேழும் பத்தும் இருபத்தேழு. பாதி வீட்டை யாரும் விற்பதில்லை.

வீட்டுக்கு வந்து, “வட்டி ஏறிடுச்சு டாடி. லோன் கம்மியாதான் வருது” என்றாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பொய் சொல்கிறவர்களோடு முப்பது வருடம் பழகியவர். “வட்டியா? சரி விடு” என்றார். அந்தத் தரைத்தளம் அந்த மாதமே வேறு யாருக்கோ போயிற்று. “வீடு வரும். அது என் வேல. நீ லோனப் பாரு” என்றார்.

பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார்: “பாப்பா, ஃபாத்திமா மருந்துக்கடைக்கு இனிமே மாத்திரக் காசு போடாத. சர்ச் கிளினிக்ல ஓசியிலயே குடுக்கறாங்க.”

“நல்ல மாத்திரதானா?”

“அதே கம்பெனி. நான் பாத்துத்தான் வாங்கறேன்.”

அவள் கணக்கைத் திறந்து மருந்து என்ற வரியில் நாலாயிரத்தை அழித்துப் பூஜ்யம் போட்டாள். மாதாமாதம் மிச்சம். அவளுக்குச் சந்தோஷம்தான்.

அடுத்தடுத்த மாதங்களில் படியேறும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. வயது என்றார். வெயில் என்றார். டாக்டரிடம் போகலாம் என்றால், “போன மாசந்தான் கிளினிக்ல பாத்தாங்க” என்றார். ஒரு பகல் வேளையில், யாருக்கோ இரண்டாவது மாடியில் வீடு காட்டிவிட்டு இறங்கும்போது படியிலேயே உட்கார்ந்தார். வீடு பார்க்க வந்தவர்கள்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து பிரிஸில்லா வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

*

ஆம்புலன்ஸ் அவர்கள் தெருவுக்குள் திரும்பியது. கேட் பூட்டியிருந்தது. மமதா உள்பக்கம் நின்றாள். அவள் கண்கள் சிவந்திருந்தன, உண்மையாகவே அழுதிருந்தாள்.

“ஆன்ட்டி, பத்து நிமிஷம். ஹால்ல வெச்சு ஒரு ஜெபம் மட்டும்.”

“பிரிஸில்லா, பேஜாரு பண்ணிக்காத ம்மா, மனசுல வெச்சுக்காத. உங்கப்பா தங்கமான மனுஷன்.”

“அப்ப திறங்க.”

“இந்தக் கண்டிஷனே அவரு சொல்லிக்குடுத்ததுதான் ம்மா. நான் வீடு வாங்கினப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது. ‘மேடம், இத மட்டும் யாருக்கும் விட்டுக்குடுக்காதீங்க, அப்புறம் வாடகையே எறங்கிடும்’னு சொன்னாரு. உங்களுக்கு லீஸுக்குக் குடுக்கும்போதும் அவரேதான் சொன்னாரு, கேட்டோடன்னு. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு.”

பிரிஸில்லா கேட்டுக் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். மமதா கேட்டைப் பாதி திறந்து பிளாஸ்டிக் சேர்களை வெளியே கொடுத்தாள். இறக்கக் கூடாது என்பதால் ஆம்புலன்ஸின் பின்கதவைத் திறந்து வைத்து, பாஸ்டர் தெருவில் நின்று ஜெபித்தார். பின்னால் வந்த தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. பாஸ்டர் ஜெபத்தைச் சுருக்கினார்.

முனையில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஃபாத்திமா வந்தாள். பிரிஸில்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “அங்கிள் அஞ்சு மாசமா கடைக்கே வரல. எம்மேல ஏதாவது கோவமோன்னு நெனச்சேன்” என்றாள்.

“சர்ச் கிளினிக்ல வாங்கினாரு அக்கா.”

பாஸ்டர் திரும்பிப் பார்த்தார். “கிளினிக்கா? அத மூடி மூணு வருஷமாச்சே ம்மா.”

லாரி மறுபடி ஹாரன் அடித்தது. டிரைவர் பின்கதவைச் சாத்தினார்.

*

நாகேஷ் ஒரு மாதம் கழித்து அழைத்தான்.

“மேடம், அப்பா விஷயம் கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தம். நல்ல மனுஷன். லோன் கம்மியான மறுநாளே எனக்குப் போன் பண்ணாரு, தெரியுமா? தப்பா சொல்லிட்டேன் தம்பி, மாத்திக்கோன்னு. நான் சொன்னேன், சார், வாய் வார்த்தையா முடியாது, ஆறு மாசம் பொண்ணு அக்கவுன்ட்ல மெடிக்கல் செலவே இல்லன்னு ஸ்டேட்மென்ட் காட்டுங்க, பாக்கலாம்னு.”

பிரிஸில்லா கணக்கைத் திறந்து மருந்து என்ற வரியில் இருந்த பூஜ்யத்தைப் பார்த்தாள்.

“மேடம், இருக்கீங்களா? இப்ப ஸ்டேட்மென்ட் சுத்தமா கிளீனா இருக்கு. டிபென்டென்ட்டும் ஜீரோ. முப்பத்தாறு வரைக்கும் வரும். டெத் சர்டிஃபிகேட் மட்டும் ஸ்கேன் பண்ணி அனுப்பிடுங்க.”

முப்பத்தாறில், அப்பா இருந்தபோது வந்த பதினேழு போனால் பத்தொன்பது. பத்தொன்பது லட்சம். அவள் கழித்துப் பார்த்துவிட்டாள். பழக்கம்.

“அதே ஹெண்ணூர் பில்டிங்லயே மூணாவது மாடி ஒண்ணு வந்திருக்கு மேடம். நல்ல வெளிச்சம். லிஃப்ட் இல்ல. உங்களுக்கென்ன, சின்ன வயசு.”

போய்ப் பார்த்தாள். வெளிச்சம் இருந்தது. படி திரும்பும் இடம் மிகவும் குறுகல்; எதிரே ஒருவர் வந்தால் இவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அங்கே கொஞ்ச நேரம் நின்றாள். எதையும் அளக்கவில்லை. டேப் அப்பாவின் ஸ்கூட்டர் டிக்கியில் இருந்தது. அந்த வாரமே சர்டிஃபிகேட்டை அனுப்பினாள். கடன் வந்தது.

வீட்டைக் காலி செய்கிற அன்று ரவி வந்தான். கில்பர்ட்டிடம் தொழில் கற்றவன். ஏரியா இப்போது அவனுடையது. மமதாவின் வீட்டைக் காட்ட ஓர் இளம் தம்பதியை அழைத்து வந்திருந்தான். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே அவர்கள் அறை அறையாகப் பார்த்தார்கள். அந்தப் பெண் குழாயைத் திறந்து பார்த்தாள். கணவன் அட்வான்ஸைக் குறைக்கச் சொல்லிக் கேட்டான். பிரிஸில்லா கடைசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் வந்தாள்.

கேட்டருகே ரவி குரலை இறக்கினான். அதே இறக்கம்.

“அப்புறம் சார், ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, கேட்டோட.”

“ஓகே சார்” என்றான் கணவன். “வண்டிய வெளியவே விட்டுக்கறேன்.”

“வண்டி இல்லீங்க” என்றாள் பிரிஸில்லா.

ரவி அவளை முறைத்தான். கணவன் திரும்பினான்.

“வீட்ல யாராவது செத்தா பாடிய உள்ள கொண்டுவரக் கூடாதுன்னு சொல்றாரு. எங்கப்பா ஆம்புலன்ஸோட இங்கதான் நின்னாரு. இந்த எடத்துல.”

அந்தப் பெண் இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள். கணவன் அவளைப் பார்த்தான், பிறகு மாடியைப் பார்த்தான், பிறகு ரவியைப் பார்த்தான்.

“அப்ப வீட்டுக்குள்ள எதுவும் நடக்கலதானே?”

“இல்ல சார். இவங்க அப்பா ஆஸ்பத்திரியிலதான். வீடு சுத்தம்.”

அவன் முகம் தெளிந்தது. “எங்க வீட்ல பெரியவங்க யாரும் இல்ல சார். நாங்க ரெண்டு பேருதான்.”

“அப்ப பிரச்சனையே இல்ல” என்றான் ரவி. “காவேரித் தண்ணி ஒரு நாள் விட்டு ஒரு நாள்.”

பிரிஸில்லா சாவியை ரவியிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். பின்னால் கேட் பூட்டும் சத்தம் கேட்டது.